வாசலிலேயே தெரிந்த ஆபத்து

கொரோனா காலத்தில் தமிழக சுகாதாரத் துறை நாள்தோறும் மாலையில் ஓர் அறிக்கை வெளியிடும். முதல் பக்கங்களில் மாவட்டவாரியாகத் தொற்று எண்ணிக்கை. தொலைக்காட்சிகள் அதைத்தான் ஓடவிட்டன. கடைசிப் பக்கங்களுக்குப் போனால் இறந்தவர்களின் பட்டியல் இருக்கும். ஆளுக்கு ஒரு பத்தி. பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், முன்பே என்ன நோய் இருந்தது, எத்தனை நாள் காய்ச்சல், எத்தனை நாள் மூச்சுத்திணறல், எந்தத் தேதியில் சேர்த்தார்கள், எந்தத் தேதியில் உயிர் பிரிந்தது, எதனால். மூன்று நான்கு வரிகளில் ஒரு மனிதரின் கடைசி வாரம் அடங்கிவிடும்.

அந்தப் பத்திகளில் எல்லோர் கண்ணிலும் பட்டது 'நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம்' என்ற சொற்கள்தான். இணைநோய் இருந்தவர், அதனால் இறந்தார் என்று பேச்சு முடிந்துவிடும். சேர்த்த தேதியையும் இறந்த தேதியையும் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. ஓரிரு நாள் இடைவெளியிலேயே முடிந்துபோன பத்திகள் நிறைய இருந்தன. மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் யார் பிழைத்தார், யார் இறந்தார் என்ற கேள்விக்கான விடையின் முக்கியமான பகுதி அந்த இரண்டு தேதிகளைச் சுற்றித்தான் இருக்கிறது.

தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் தரவுகளை வைத்து ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் செய்த ஆய்வு 2020-இன் பிற்பகுதியில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. தொற்று உறுதியானவர்களில் 5 முதல் 17 வயதுக்காரர்களின் இறப்பு விகிதம் 0.05 சதவீதம், 85 வயதைத் தாண்டியவர்களுக்கு 16.6 சதவீதம். வயதைப் போல வலுவான ஆபத்துக் காரணி வேறில்லை என்பதை உலகின் எல்லா ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. இறந்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு நீரிழிவும், 36 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருந்தன. ஏதேனும் ஓர் இணைநோயாவது இருந்தவர்கள் ஏறத்தாழ 63 சதவீதம். மீதி 37 சதவீதம் பேருக்கு அப்படி எதுவும் பதிவாகவில்லை. 'இணைநோய் இருந்ததால் இறந்தார்' என்ற விளக்கம் இவர்களுக்குப் பொருந்தாது.

அதே ஆய்வில் என்னை உலுக்கிய எண்கள் வேறு. அமெரிக்காவில் இறந்தவர்களில் 58 சதவீதம் பேர் 75 வயதைக் கடந்தவர்கள். இங்கே 18 சதவீதம்தான். நம் மக்கள்தொகை இளையது என்பது அதற்கு ஒரு காரணம். அதுமட்டுமே காரணம் அல்ல. மருத்துவமனையில் சேர்ந்த பின் இறந்தவர்கள் இங்கே உயிரோடு இருந்தது சராசரியாக ஐந்தாறு நாள். அமெரிக்காவில் சுமார் 13 நாள். நோய் முற்றிய பிறகு வந்தார்கள், அல்லது வந்த பிறகு தாக்குப்பிடிக்க வைக்கும் வசதி போதவில்லை. இரண்டில் எதுவானாலும் அது கிருமியின் குணம் அல்ல.

இந்த இடத்தில் பிரிட்டனில் உருவான ஒரு கணக்கை விரிவாகப் பார்ப்பது நல்லது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளின் 260 மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களின் விவரங்களைத் திரட்டிய 'ஐசாரிக்' கூட்டமைப்பு, முதலில் 35,463 பேரின் தரவை எடுத்துக்கொண்டது. அவர்களில் 32 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். டஜன் கணக்கான அளவீடுகளில் இறப்பை முன்கூட்டிச் சொல்பவை எவை என்று சலித்துப் பார்த்ததில் எட்டே எட்டு மிஞ்சின: வயது, பாலினம், இணைநோய்களின் எண்ணிக்கை, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறார், விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு, முழு சுயநினைவு இருக்கிறதா, ரத்தத்தில் யூரியா, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மொத்தம் 21. ஸ்கேன் தேவையில்லை, விலையுயர்ந்த பரிசோதனை ஒன்றுகூட இல்லை. தாலுகா மருத்துவமனையிலேயே இவற்றைப் பார்த்துவிட முடியும்.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். 58 வயது ஆண், நீரிழிவு உண்டு. வயதுக்கு 2, ஆண் என்பதற்கு 1, ஓர் இணைநோய்க்கு 1. ஆக 4 மதிப்பெண்ணை அவர் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார். காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள், மூச்சு நிமிடத்துக்கு 18, ஆக்சிஜன் 95, தெளிவாகப் பேசுகிறார், ரத்தப் பரிசோதனைகளும் மோசமில்லை. மதிப்பெண் 4-இலேயே நிற்கும். 4 முதல் 8 வரை வாங்கியவர்களில் அந்த ஆய்வில் இறந்தவர்கள் சுமார் 10 சதவீதம். அதே மனிதர் மூன்று நாள் கழித்து வருகிறார் என்று வையுங்கள். மூச்சு 32, அதற்கு 2. ஆக்சிஜன் 86, அதற்கு 2. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், அதற்கு 2. சி.ஆர்.பி. 100-ஐத் தாண்டிவிட்டது, அதற்கு 2. சிறுநீரகம் தளர்ந்து யூரியா ஒரு டெசிலிட்டருக்கு 84 மில்லிகிராமைக் கடந்துவிட்டது, அதற்கு 3. மொத்தம் 15. அந்த மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வாங்கியவர்களில் இறந்தவர்கள் 61.5 சதவீதம்.

அதே ஆள், அதே வயது, அதே சர்க்கரை. மாறியது மூன்று நாள்.

இது பிரிட்டனின் முதல் அலைக் கணக்கு, தடுப்பூசிக்கு முந்தையது. அந்த சதவீதத்தை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது. முன்பே வந்திருந்தால் நோய் முற்றாமலே இருந்திருக்கும் என்றும் இதற்குப் பொருள் இல்லை. ஆனால் ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியும் பலன் தரக்கூடிய நாட்கள் அந்த மூன்று நாட்கள்தான்.

ஏன் மூன்று நாள் வீட்டில் இருக்கிறார்கள்? பயம், செலவு, 'ஒதுக்கிவிடுவார்கள்' என்ற கவலை எல்லாம் உண்டு. உடலும் ஒரு விதத்தில் ஏமாற்றிவிடுகிறது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை மூளைக்கு முக்கியமாகத் தருவது ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. ஆக்சிஜன் குறைவது அவ்வளவாக அல்ல. கொரோனா நிமோனியாவின் தொடக்கத்தில் நுரையீரலால் ஆக்சிஜனைச் சரியாக உள்ளே எடுக்க முடியாது. ஆனால் கரியமில வாயு நுரையீரல் சவ்வைக் கடப்பதில் ஆக்சிஜனைவிடச் சுமார் 20 மடங்கு வல்லது என்பதால் அது தடையின்றி வெளியேறிவிடும். ஆக்சிஜன் அளவு 80-க்கு இறங்கிய பிறகும் செல்போனில் பேசிக்கொண்டிருந்த நோயாளிகளை உலகெங்கும் மருத்துவர்கள் பார்த்தது இதனால்தான்.

அந்த ஏமாற்றத்தை அம்பலப்படுத்தியது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கணக்கிடும் கருவி. அதன் அடிப்படையை 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. அவர் கருவி வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய 2020 ஏப்ரலில், 84-ஆம் வயதில் அவர் காலமானார். அந்த ஆண்டு அவருக்குக் கடன்பட்ட உயிர்கள் எத்தனையோ.

அந்தக் கருவியிலும் ஒரு குறை உண்டு; நம்மைப் போன்ற நிறத்தவர்கள் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி 'பரவாயில்லை' என்று காட்டியது, வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவர்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். கருமையான தோல் ஒளியை உறிஞ்சுவது அளவைக் குழப்புகிறது. எனவே 94, 95 என்று எண் எல்லையில் நிற்கும்போது, மாநிறமும் கறுப்பும் உள்ளவர்கள் எண்ணை மட்டும் நம்பாமல் மூச்சையும் எண்ண வேண்டும். மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுவது இலவசப் பரிசோதனை.

வயது ஏன் இவ்வளவு பெரிய காரணி, ஆண்கள் ஏன் அதிகம் இறந்தார்கள் என்பதற்கு அழகான துப்பு ஒன்று கிடைத்தது. வைரஸ் நுழைந்ததும் செல்கள் 'இன்டர்ஃபெரான்' என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கச் செல்களை எச்சரிக்கும். ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ழான்-லோரான் கசனோவா குழுவினர், உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா கண்ட 987 பேரைச் சோதித்தபோது, 101 பேரின் ரத்தத்தில் தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். இவ்வகை எதிர்ப்பொருள்கள் 70 வயதுக்குப் பிறகு கூடுதலாகத் தென்படுகின்றன என்பது பின்னர் தெரிந்தது. எல்லா இறப்புகளையும் இது விளக்கிவிடாது. 'முதுமையில் எதிர்ப்புசக்தி குறையும்' என்ற பொதுவான பேச்சுக்கு ஒரு திட்டவட்டமான வடிவம் கிடைத்ததே பெரிய விஷயம்.

வூஹானின் இரு மருத்துவமனைகளில் 191 நோயாளிகளை ஆராய்ந்த ஆய்வு, 2020 மார்ச்சிலேயே இன்னொன்றைச் சொல்லியிருந்தது. 'டி-டைமர்' என்பது ரத்தக் கட்டி உடையும்போது வெளியாகும் துணுக்கு. சேரும்போதே அதன் அளவு கூடுதலாக இருந்தவர்கள் இறப்பதற்கான சாத்தியக்கூறு பல மடங்கு அதிகமாக இருந்தது. நுரையீரல் நோய் என்று நினைத்தது ரத்தக் குழாய்களின் நோயும்கூட என்பது அதிலிருந்துதான் தெளிவாகத் தொடங்கியது.

சிகிச்சையே ஆபத்துக் காரணியாக மாறும் இடமும் இருக்கிறது. 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு, சில ரூபாய் விலையுள்ள டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது என்று அறிவித்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் 26.2-இலிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குக் கொடுத்தபோது பலன் இல்லை. இறப்பு 14 சதவீதத்துக்குப் பதில் 17.8 என்று கூடுதலாகவே பதிவானது. இந்தக் கடைசி எண்ணை நம் நாடு கவனிக்கவில்லை. 2021-இன் இரண்டாம் அலையில் காய்ச்சல் கண்ட முதல் நாளே வீட்டில் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் பலர். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரையும் அடங்கிய எதிர்ப்புசக்தியும் கருப்புப் பூஞ்சைக்கு வழிவிட்டன. கண்ணையும் தாடை எலும்பையும் இழந்து பிழைத்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

நோயாளியின் உடலில் இல்லாத ஆபத்துக் காரணி ஒன்று பாக்கி இருக்கிறது: அன்றைக்கு மருத்துவமனையில் எவ்வளவு கூட்டம் என்பது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் செய்த ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான தேவை உச்சத்தில் இருந்த நாட்களில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் இறக்கும் ஆபத்து, தேவை குறைவாக இருந்த நாட்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. தமிழ்நாட்டில் 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. சென்னை அரசு மருத்துவமனைகளின் வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற மாதம் அது. மாலை அறிக்கையின் பத்தியில் நீரிழிவுக்கு இடம் இருந்தது. வாசலில் காத்திருந்த மணி நேரத்துக்கு இடம் இல்லை. அது இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தடுப்பூசியின் பங்கைத் தமிழ்நாடு காவல் துறைத் தரவே காட்டிவிட்டது. 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை இறந்த 31 காவலர்களில், தடுப்பூசி போடாத 17,059 பேரில் 20 பேர். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேர். இரு தவணையும் போட்ட 67,673 பேரில் 4 பேர். விளக்கமே தேவையில்லாத எண்கள்.

அடுத்த பெருந்தொற்று இதே மாதிரி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 1918-இன் ஃப்ளூ 20 முதல் 40 வயதுக்குட்பட்டவர்களை வாரிக்கொண்டுபோனது. 2009-இன் பன்றிக் காய்ச்சலில் கர்ப்பிணிகளுக்கு ஆபத்து மிகுந்திருந்தது. யாருக்கு ஆபத்து என்ற பட்டியல் வைரஸுக்கு வைரஸ் மாறும். நுரையீரலைத் தாக்கும் எந்த வைரஸானாலும் நோய் முற்றுவதற்கான அடையாளங்கள் பெரிதும் மாறாது: மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, சுயநினைவு.

ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அது தெரியாமலே நடமாடுபவர்கள் பலர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிவந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். வருபவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் இருந்தால், காலையும் மாலையும் ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அது 24-ஐத் தொட்டாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.