கடலில்லா ஊரின் வலைக்காரர்கள்

2016 மார்ச்சில் ஒரு நாள் காலை, பெங்களூரு அல்சூர் ஏரியின் கரையோரம் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஏரியில் மீன் சாகும்போதெல்லாம் சாக்கடையைப் பற்றியும் துர்நாற்றத்தைப் பற்றியும் பேசுகிறோம். அந்த மீனை நம்பி வலை வைத்திருப்பவரை மறந்துவிடுகிறோம். கடலே இல்லாத ஊரில் மீனவர் ஏது என்ற நினைப்புதான் காரணம்.

யார் இவர்கள்?

பெங்களூருக்குள் வற்றாத ஆறு கிடையாது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் முன்னோர் வெட்டிய ஏரிகளே இந்த ஊரை வளர்த்தன. கர்நாடகத்தில் பெஸ்தர், கங்காமதத்தார் என்று அழைக்கப்படும் சமூகத்தினருக்கு ஆறும் ஏரியும் வழிவழியாக வந்த தொழில் இடம். கங்கம்மா அவர்கள் கும்பிடும் தெய்வம். இப்போது ஏரிகளின் மீன்பிடி உரிமையை மீன்வளத் துறை குத்தகைக்கு விடுகிறது. குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை வாங்கி ஏரியில் விடுவார். வலை வீசுபவர் பல இடங்களில் வெறும் கூலியாள்.

மீன் ஏன் சாகிறது?

கோடை மழையின் முதல் வெள்ளம், கால்வாயில் தேங்கிய சாக்கடையை ஏரிக்குள் தள்ளுகிறது. அந்த அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. இரவில் பாசியும் அதையே இழுப்பதால், விடியும் முன்புதான் ஆக்சிஜன் மிகவும் குறைகிறது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். அந்த இருட்டில் பரிசலில் உட்கார்ந்து தங்கூசி வலையை இழுப்பவர் கண்ணில்தான் அது முதலில் படும். நடைப்பயிற்சிக்கு ஆள் வரும்போது மீன் மல்லாந்திருக்கும்.

நலம் என்றால் பணம் மட்டுமா?

மீனவர் நலத்தை ஆராய்பவர்கள் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்: கையில் என்ன இருக்கிறது, சுற்றியிருப்பவரோடு உறவு எப்படி, தன் வாழ்க்கையைத் தானே எப்படி மதிக்கிறார். பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் முறைவைத்து வலை போடும் ‘பாடு’ வழக்கம் இதற்கு நல்ல சான்று. அங்கே ‘என் பாடு’ என்பது வருமானம். ஊரில் எனக்குள்ள இடமும் அதுதான். கூலிக்கு வலை இழுப்பவருக்கு அந்த இரண்டாவது கிடைப்பதில்லை.

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு சிறுதொழில் மீனவர்களுக்காக ஏற்ற வழிகாட்டு நெறிகள் 2014இல் வந்தன. உள்நாட்டு நீர்நிலை மீனவர்களுக்கும் அவை பொருந்தும். மீனவரைப் பாதிக்கும் முடிவுகளில் மீனவருக்கும் பங்கு வேண்டும் என்பது அவற்றின் அடிநாதம்.

என்ன செய்யலாம்?

நுரை பொங்கியதும், 2018 ஜனவரியில் ராணுவம் வந்து தீயணைக்க வேண்டியிருந்ததுமான பெல்லந்தூர் ஏரியும் இதே ஊரில்தான் இருக்கிறது. சுத்திகரித்த நீர் சதுப்புநிலத்தில் வடிந்து சேர, மீன்பிடிப்பும் நடக்கும் ஜக்கூர் ஏரியும் இதே ஊரில்தான் இருக்கிறது. ஆக, முடியாத காரியமில்லை.

ஏரியைச் சீரமைக்கும்போது நடைபாதைக்கும் வேலிக்கும் இடம் ஒதுக்குகிறோம். பரிசல் இறக்க ஒரு துறையும், ஏரிக் குழுவில் வலைக்காரருக்கு ஒரு நாற்காலியும் சேர்த்து ஒதுக்க வேண்டும். மீன் மூச்சுக்குத் தவிப்பதை விடியும் முன்பே பார்ப்பவர் அவர். அவர் சொன்னால் கேட்க ஓர் ஆள் இருந்தால், ஏரிக்கும் நல்லது, அவருக்கும் அது மரியாதை.