வெள்ளிமீன் வெறுக்கும் கால் மணி நேரம்

பீரோவின் அடித்தட்டில் வருடக்கணக்காகக் கிடக்கும் காகிதக் கட்டைத் தூக்கினால், சாம்பல் நிறத்தில் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடி மறையும். அதுதான் வெள்ளிமீன். மீன் அல்ல, சிறகில்லாத பூச்சி. அரை அங்குல நீளம், பளபளக்கும் செதில்கள், வால்பக்கம் மூன்று நீண்ட இழைகள். பெரும்பாலான பூச்சிகள் வளர்ந்ததும் தோலுரிப்பதை நிறுத்திவிடும். இது சாகும்வரை உரித்துக்கொண்டே இருக்கும். தீனி இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும்.

இதற்குப் பிடித்தது மாவுச்சத்து. உறை ஒட்டிய பசை, புத்தக அட்டையின் பசை, தாளின் வழவழப்புக்காகப் பூசும் பூச்சு, எல்லாவற்றையும் சுரண்டித் தின்னும். காகிதத்தின் செல்லுலோஸைச் செரிக்கும் நொதி அதன் உடலிலேயே சுரக்கிறது. துளை போடுவதைவிட மேற்பரப்பைச் சுரண்டுவதே அதன் வழக்கம். அதனால் தாள் கிழியும் முன்பே மேலே இருக்கும் எழுத்து போய்விடும்.

திருவனந்தபுரம் அதற்குச் சொர்க்கம். ஜூனில் ஒரு மழைக்காலம், ஐப்பசியில் துலாமழை. இரண்டுக்கும் நடுவே கடற்காற்றின் ஈரம். காற்றில் ஈரப்பதம் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் இந்தப் பூச்சி செழிக்கும். கூடவே இருட்டு வேண்டும், யாரும் தொடாத அமைதி வேண்டும். நம் வீட்டுக் காகிதக் கட்டில் மூன்றும் கிடைக்கின்றன.

இந்த ஊர் எழுத்தைக் காப்பாற்றப் பழகிய ஊர். கோட்டைப் பகுதியில் 2022-இல் திறந்த ஓலைச்சுவடி அருங்காட்சியகத்தில், ஓலைகளை வட்டமாகச் சுருட்டிக் கட்டிய சுருணைகளைப் பார்க்கலாம். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்களும் இப்படிச் சுருணைகளாகவே வைக்கப்பட்டவை. சுவடிக் காப்பாளர்கள் ஓலையைத் துடைத்துப் புல்தைலம் பூசுவார்கள். பூச்சி அண்டாது, ஓலையும் முறுகி ஒடியாது. காகிதத்தில் அந்தத் தைலத்தைத் தடவிவிடாதீர்கள், கறைதான் மிஞ்சும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒவ்வொரு ஓலையாகக் கையிலெடுத்துப் பார்க்கும் அந்த வழக்கம்தான்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழித்துவிடும் திட்டத்தை நான் நம்புவதில்லை. நூறு தாள் பார்ப்பதற்குள் வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்கும் தெம்பு தீர்ந்து, மிச்சம் அப்படியே பீரோவுக்குள் திரும்பிப் போகும். வாரத்தில் மூன்று நாள், கால் மணி நேரம், ஒரே ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கும் தாள்களில் வெளிச்சமும் காற்றும் படும், கட்டு இடம் மாறும். அப்படி அடிக்கடி கலைக்கப்படும் இடத்தில் வெள்ளிமீன் நிலைக்காது. வேலை பாதியில் நின்றாலும் அன்றைக்குப் பிரித்தவரை லாபம்.

முதலில் எடுக்க வேண்டியவை வீடு, நிலத்தின் ஆதாரப் பத்திரம், கரம் (நிலவரி) கட்டிய ரசீது, பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னையும் இறுகிப்போன ரப்பர் பேண்டையும் கழற்றுங்கள். கிழிசலில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம், அந்தப் பசை பழுத்துத் தாளையும் மஞ்சளாக்கும். மூலப் பத்திரத்தை லேமினேட் செய்யவே வேண்டாம்; பிறகு பிரிக்க முடியாது. காய்ந்த நாளாகப் பார்த்து மூடியுள்ள பெட்டியில், தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். டிஜிலாக்கரில் கிடைக்கும் சான்றிதழ்களின் நகல்களைக் குவிக்கத் தேவையில்லை.

கடை பில்லும் ஏடிஎம் சீட்டும் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சானவை, நாளடைவில் தானே வெளுத்துவிடும். உத்தரவாதத்துக்குத் தேவையானதை மட்டும் படமெடுத்துவிட்டு மற்றதைக் குப்பையில் போடுங்கள். மறுசுழற்சிக் காகிதத்தோடு கலக்க வேண்டாம். ஆதார், பான் நகல்களைப் பொடியாகக் கிழித்த பிறகே பழைய பேப்பர்காரரிடம் கட்டைக் கொடுங்கள்.