இரத்த உறவும் மரபணு விஞ்ஞானமும்

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. மூக்கும் முழியும் பெற்றோரிடமிருந்து வருகின்றன என்பதை நம் முன்னோர் கண்ணால் கண்டு அறிந்திருந்தனர். அவை எவ்வாறு வருகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஒரு துறவி. அகுஸ்தினார் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல், இன்றைய செக் நாட்டிலுள்ள பிர்னோ நகரில் தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்து, 1866-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். 1884-இல் அவர் இறந்தபோது அவற்றின் பெருமையை உலகம் உணரவில்லை. 1900-ஆம் ஆண்டில்தான் மற்ற விஞ்ஞானிகள் அவற்றைத் தேடி எடுத்துப் போற்றினர்.

மரபணுக்கள் நமக்கு இரண்டிரண்டாக, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருகின்றன. ஒன்று பழுதாயிருந்து மற்றொன்று சரியாயிருந்தால், பல நோய்களில், அம்மனிதர் நலமாகவே வாழ்வார். பழுது அவருக்குள் மறைந்திருக்கும். இப்படி மறைந்த பழுதுகள் சில நம் ஒவ்வொருவரிடத்திலும் உண்டு. தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது’ என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு பிறப்பிலும் சீட்டுக் குலுக்கல் புதிதாகவே நடக்கிறது.

நம் கடற்கரையும் சொந்தத் திருமணமும்

முத்துக்குளிக்கும் காலத்தில் கடலுக்குள் இறங்குபவனின் கயிற்றைத் தோணியில் பிடித்து நிற்பவன் அவன் மைத்துனனாகவே இருப்பான் என்று நம் பகுதியில் சொல்வார்கள். தன் உடன்பிறந்தவள் தாலியறுக்க எந்த அண்ணன் தம்பியும் கயிற்றை நழுவ விடமாட்டான் அல்லவா? உறவின் மீது நம் மக்கள் வைத்த நம்பிக்கை அத்தகையது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் முடிச்சுப் போடுவதும், தாய்மாமனுக்கே பெண் கொடுப்பதும் இந்த நம்பிக்கையிலிருந்து வந்தவையே. பெண் கண்காணாத இடத்துக்குப் போகவேண்டாம், சொத்தும் சிதறாது. இவ்வழக்கம் நம் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமான பெண்கள் உறவுக்குள்ளேயே மணமுடித்துள்ளனர்.

இதில் விஞ்ஞானம் காணும் சிக்கல் என்ன? அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் தாத்தா பாட்டி ஒருவரே. எனவே இருவரின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவானது. தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் அது நான்கில் ஒரு பங்கு. தாத்தாவிடம் மறைந்திருந்த ஒரு பழுது இரு வழியாகவும் இறங்கி வந்து பேரக்குழந்தைகளின் திருமணத்தில் ஒன்று சேரக்கூடும். பிறவியிலேயே காது கேளாமை, தலசீமியா என்னும் இரத்தச்சோகை போன்ற சில நோய்கள் இவ்வழியில் வருபவை.

அதற்காக அஞ்சி நடுங்கவும் வேண்டியதில்லை. உறவில்லாத பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கக் காண்கிறோம். அத்தை, மாமன் மக்கள் மணந்தால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆயினும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. 1970-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, கருச்சிதைவு போன்றவற்றில் சொந்தத் திருமணத்தால் பெரிய வேறுபாடு காணவில்லை. ஆகவே ஒரு குழந்தைக்குக் குறை நேர்ந்ததும் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறிவும் அன்று, அன்பும் அன்று.

திருச்சபைச் சட்டமும் இவ்விரு உறவுகளையும் திருமணத் தடைகளாகவே வைத்திருக்கிறது. விதிவிலக்கு பெறாமல் அத்தகைய திருமணம் நடைபெற முடியாது. கோவிலில் ஓலை வாசிக்கும்போது தடை உண்டானால் தெரிவிக்குமாறு கேட்பதை நாம் அனைவரும் அறிவோம். விதிவிலக்குக்கு விண்ணப்பிக்கும் வீட்டார், அதற்கு முன்பே ஒரு மருத்துவரையும் கலந்துகொண்டால் எவ்வளவு நன்மை!

மருத்துவம் தரும் நம்பிக்கை

நம் மாநிலத்து நீலகிரியில் 1952-ஆம் ஆண்டில் பழங்குடி மக்களிடையே அரிவாள் வடிவ இரத்த அணுக்கள் கண்டறியப்பட்டன. இந்தியாவில் இந்நோய் முதன்முதல் அறியப்பட்டது அங்கேதான். 2047-க்குள் இதை ஒழிக்கும் இயக்கத்தை மத்திய அரசு 2023-இல் தொடங்கியது. இரத்தத்தைச் சோதித்து, பழுது மறைந்திருப்பவர் யார் என்பதைக் குறித்து அட்டையும் வழங்குகிறார்கள். அதே ஆண்டில், பழுதான மரபணுவுக்கு வெட்டி ஒட்டும் முறையில் பரிகாரம் செய்யும் சிகிச்சையை முதன்முதலாகப் பிரிட்டன் அனுமதித்தது. இம்முறையைக் கண்டவர்கள் ஜெனிபர் டௌட்னா, இம்மானுவேல் சார்ப்பெந்தியே என்னும் இரு பெண்மணிகள். 2020-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அமெரிக்காவில் இச்சிகிச்சையின் விலை 22 லட்சம் டாலர்! நீலகிரிக் குடிசைக்கு அது எப்போது வந்து சேரும் என்பதும் விஞ்ஞானத்தைப் பார்த்து நாம் கேட்கவேண்டிய கேள்வியே.

எல்லை எது?

அறிவு வளர்ந்தால் மட்டும் போதாது, மனமும் வளரவேண்டும். பெண் குழந்தை பிறந்தால் தாயைப் பழிக்கும் கொடுமை இன்னும் மறையவில்லை. குழந்தை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தந்தையிடமிருந்து வரும் குரோமோசோமே என்பது பாடப்புத்தகத்தில் உள்ள உண்மை. கருவின் நோயறியப் பிறந்த கருவிகள், பெண் கருவை அழிக்கவும் பயன்பட்டன. அதனால்தான் 1994-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிக் கருவின் பாலினத்தைக் கண்டு சொல்வதைத் தடை செய்தது.

2018-இல் சீன விஞ்ஞானி ஒருவர், கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அறிவித்தார். உலகமே கண்டித்தது, மறு ஆண்டில் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. நோயுற்றவரின் உடலில் செய்யும் சிகிச்சை அவரோடு முடியும். கருவில் செய்யும் திருத்தமோ வழிவழியாகத் தொடரும். சம்மதம் கேட்க அச்சந்ததியார் இன்னும் பிறக்கவே இல்லையே!

இன்னோர் ஆபத்தும் உண்டு. ‘இவளிடம் பழுது மறைந்திருக்கிறது’ என்னும் செய்தி வெளியே கசிந்தால் ஒரு பெண்ணின் திருமணமே நின்றுபோகலாம். சோதனை முடிவு சோதித்தவருக்கே உரிய இரகசியம். மேலும், பழுது மறைந்திருப்பவர் நோயாளி அல்லர்.

நாம் செய்யக்கூடியவை

அன்புத் தோழியரே! விடுமுறையில் பாட்டியிடம் அமர்ந்து மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தை வரைந்து பார்ப்போம். யாருக்கு என்ன நோய் இருந்தது, எந்தத் திருமணம் சொந்தத்தில் நடந்தது என்று குறித்து வைப்போம். சொந்தத்தில் திருமணம் பேசப்பட்டால், மரபியல் ஆலோசனை பெறலாமா என்று பெற்றோரிடம் பணிவோடும் துணிவோடும் கேட்போம். பெற்றோர்களே, அக்கேள்வியை எதிர்ப்பேச்சாக எண்ணாதீர்கள். உங்கள் பேரக்குழந்தையின் நலனுக்காகக் கேட்கப்படும் கேள்வி அது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குறையோடு பிறந்த குழந்தை எந்த வீட்டில் இருந்தாலும் அதை ‘பாவத்தின் சம்பளம்’ என்று ஒருநாளும் சொல்லாதிருப்போம். நோயைத் தடுக்க முயல்வது விஞ்ஞானம். நோயுற்றோரை நேசிப்பது மனிதம். இவ்விரண்டையும் ஒருங்கே கற்ற பெண்களால்தான் நல்ல குடும்பங்கள் அமையும்.