மின்சாரம் நின்றாலும் நிற்கக் கூடாதவை

வார்டில் விளக்குகள் சட்டென்று அணைந்து, சில நொடிகளில் மீண்டும் எரிவதை நீங்கள் கண்டிருக்கலாம். உள்ளே வென்டிலேட்டரில் இருப்பவருக்கு என்ன ஆயிற்றோ என்று உறவினர்கள் அஞ்சுவது இயல்பே. அந்த நொடிகளில் நடப்பதையும், அதற்குப் பின்னாலுள்ள மின்பொறியாளர்களின் பணியையும் இங்கு விளக்குகிறோம்.

வீட்டிற்கு மின்னிணைப்பு அமைப்பவர், எவ்வளவு மின்சாரம் தேவை என்று கணக்கிடுவார். மருத்துவமனைக்கு வடிவமைப்பவரோ, மின்சாரம் இல்லாமல் எது எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவார். மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டறிந்தே இதற்கு விடை காண முடியும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலைப்படி, அறுவை மேசை விளக்குகளுக்கு 0.5 நொடிக்குள் மாற்று மின்சாரம் வர வேண்டும். உயிர்காக்கும் கருவிகளை யு.பி.எஸ். பேட்டரிகள் தாங்குகின்றன, வென்டிலேட்டரின் உள்ளேயும் பொதுவாகத் தனி பேட்டரி உண்டு. வார்டு விளக்குகள் போன்றவை ஜெனரேட்டர் இயங்கத் தொடங்கும்வரை காத்திருக்கும். நீங்கள் காணும் இருள் அந்த இடைவெளியே.

அறுவை அரங்கில் மற்றொரு ஏற்பாடும் உண்டு. வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் பாதுகாப்புச் சுவிட்ச் உடனே இணைப்பைத் துண்டிக்கும். அறுவையின் நடுவே அவ்வாறு துண்டிப்பதே ஆபத்தாகலாம். எனவே தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியே அங்கு மின்சாரம் தரப்படுகிறது. முதல் கசிவு நேர்ந்தால் எச்சரிக்கை மணி மட்டும் ஒலிக்கும். கருவிகள் தொடர்ந்து இயங்கும்.

இத்தனை ஏற்பாடு இருந்தும் சிறு கவனக்குறைவு பெரும் இடராகலாம். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பாதுகாப்பாக இருந்தன. ஆனால் அவற்றுக்கு எரிபொருள் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் வெள்ளத்தில் மூழ்கின. ஊழியர்களும் படையினரும் எரிபொருளைக் கையால் சுமந்து படியேறினர். இறுதியில் நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஜெனரேட்டரை மட்டுமன்றி, அது நம்பியிருக்கும் ஒவ்வொன்றையும் காக்க வேண்டும் என்பதே பொறியாளர்கள் இதில் கற்ற பாடம். அதனால்தான் ஜெனரேட்டரைக் குறித்த காலத்தில் சுமையேற்றி ஓட்டிச் சோதிக்கிறோம்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவன:

1. படுக்கையருகே தனி நிறத்திலுள்ள பிளக் பாயிண்டுகள் மருத்துவக் கருவிகளுக்கு உரியவை. அவற்றில் கைபேசியைச் சார்ஜ் செய்யாதீர்கள்.

2. எந்தக் கருவியின் பிளக்கையும் நீங்களே கழற்றாதீர்கள், செவிலியரை அழையுங்கள்.

3. கெட்டில், அயர்ன் பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவற்றை வார்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

4. ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டருடன் வீடு திரும்புவோர், மின்தடைக்கென நிரப்பிய சிலிண்டரை அருகில் வைத்திருங்கள். அதை இயக்கும் முறையைக் கிளம்பும் முன்பே எங்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் அக்கருவியைத் தாங்குமா என்பதை எலக்ட்ரீஷியனிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு அணைந்தால் பதறாமல் நோயாளியின் அருகிலேயே இருங்கள். அவருக்கு மூச்சுத்திணறலோ, கருவியில் எச்சரிக்கை ஒலியோ இருப்பின் உடனே செவிலியருக்குத் தெரிவியுங்கள்.