ஏற்றமல்ல, இறக்கமே



சாத்தூரின் சமதளச் சாலையில் மிதிவண்டி மிதித்துப் பழகிய நமக்கு மலைப்பாதை என்றால் ஏற்றம்தான் பெரும்பாடாகத் தோன்றும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள். 2008-இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' மிதிவண்டிப் பயணத்தில் பேர்பெற்ற ஏற்றம் இது. ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் கியரைக் குறைக்கலாம். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இறக்கம் அப்படியல்ல. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். உள்ளே போய்ப் பிடித்தால் சக்கரம் வழுக்கும்.

1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இத்தாலியர் ஃபாபியோ காசார்தெல்லி, 1995-இல் பிரான்சின் பிரனீஸ் மலைக் கணவாய் ஒன்றிலிருந்து இறங்கும்போது விழுந்து இறந்தார். வயது 24. தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அன்று அது கட்டாயமுமில்லை. பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் 2003-இல்தான் கட்டாயமாக்கியது. நம் இளைஞர்கள் பலருக்கு இன்றும் தலைக்கவசம் வண்டியில் மாட்டி வைக்கும் பொருள்தான்!

காசார்தெல்லியின் மிதிவண்டி, இத்தாலியின் கிசாலோ கணவாயிலுள்ள மரியன்னை சிற்றாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. அந்த அன்னையைத் திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1949-இல் மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். சாலையில் உயிர்நீத்த மிதிவண்டி ஓட்டிகளின் நினைவாக அங்கே அணையா விளக்கு எரிகிறது.