வஸீ இறந்துவிட்டால் வஸிய்யத் என்னவாகும்?

மகன் முன்பே மவ்த்தாகிவிட்டார். மற்ற மகன்கள் இருப்பதால் அவருடைய பிள்ளைகளுக்குத் தாத்தாவின் சொத்தில் வாரிசுப் பங்கு கிடையாது. அதனால் மூன்றில் ஒரு பங்குக்குள் பேரப்பிள்ளைகளுக்கு வஸிய்யத் எழுதி, அதை நிறைவேற்ற ஒரு நண்பரை வஸீயாக நியமிக்கிறார் தாத்தா. கோர்ட்டில் இவரைத்தான் எக்ஸிகியூட்டர் என்கிறார்கள். தாத்தா இறந்து, கொடுத்து முடிப்பதற்குள் அந்த நண்பரும் இறந்துவிட்டால்?

வஸீ இறந்ததால் வஸிய்யத் ரத்தாகாது. சித்தப்பா, பெரியப்பாமார் பேசாமல் இருந்துவிட முடியாது. வஸிய்யத்தைக் கேட்டபின் மாற்றுவோர் மீதே அதன் பாவம் என்கிறது குர்ஆன் (2:181).

வஸீயின் பொறுப்பு அவருடைய பிள்ளைகளுக்கு வாரிசாக இறங்குவதும் இல்லை. அவர் பீரோவில் இருக்கும் பணமும் பத்திரமும் அமானத். அத்தாவின் சொத்தோடு சேர்த்து அதைப் பாகம் பிரிப்பது ஹராம். ஸுபைர் (ரலி) அவர்களை ஸஹாபாக்கள் பலர் வஸீயாக்கியிருந்தார்கள். ஹிஜ்ரி 36இல் அவர்கள் ஷஹீதானபோது இருந்த கடன் 22 லட்சம். மக்கள் ஒப்படைத்த பொருளை, தொலைந்தாலும் தம் பொறுப்பாகட்டும் என்று கடனாகவே வாங்கி வைத்ததால் வந்தது அது. மகன் அப்துல்லாஹ் (ரலி) அதை அடைத்த பிறகும், உடன்பிறந்தோர் கேட்டும், உடனே பாகம் பிரிக்கவில்லை. தந்தையிடம் வரவேண்டியது யாருக்காவது உண்டா என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜில் அறிவித்த பிறகே பிரித்தார்கள் (புகாரி).

வஸீ தம் மரணத்தின்போது வேறொருவரை வஸீயாக்கினால் அவர் இரண்டு சொத்துக்கும் வஸீ என்பது ஹனஃபி மத்ஹப். முதலில் எழுதியவர் அனுமதித்திருந்தால்தான் என்பது ஷாஃபிஈ மத்ஹப். யாரும் நியமிக்கப்படாவிட்டால் காழி நியமிப்பார். ஆனால் நம் நாட்டில் 1880ஆம் ஆண்டின் காஜி சட்டம் காஜிகளுக்கு நீதிபதியின் அதிகாரம் தரவில்லை.

வாரிசுகள் ஒத்துப்போனால் வஸிய்யத்தைக் கொடுத்துவிட்டு மீதியைப் பிரித்துக்கொள்ளலாம். முஸ்லிம் உயிலுக்குப் புரொபேட் கட்டாயமில்லை. தகராறு என்றால், ராஜபாளையம் குடும்பங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாவட்ட நீதிமன்றம்தான். சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கக் கோரிப் பேரப்பிள்ளைகள் சார்பில் அங்கே மனு செய்யலாம்.

இரண்டு வஸீக்கள் இருந்து ஒருவர் இறந்தால், உயிலில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அதிகாரம் முழுவதும் மற்றவருக்கே. இப்னு மஸ்ஊத் (ரலி) ஸுபைரையும் மகன் அப்துல்லாஹ்வையும் சேர்த்தே நியமித்தார்கள். நாமும் நம் வயதுக்காரர் ஒருவரோடு இளையவர் ஒருவரையும் எழுதி, தேவைப்பட்டால் அடுத்தவரை நியமிக்க அவர்களுக்கு அனுமதியும் தந்துவிட்டால், இரு மத்ஹபிலும் சிக்கல் இல்லை.