மாரடைப்புக்குப் பிறகு: துணையோடு நடப்போம், மெல்ல ஓடுவோம்

மாரடைப்பு வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பலருக்கு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று பயம்: "வேகமாக நடந்தால் மறுபடியும் வந்துவிடுமோ?" மற்றொன்று தனிமை. சாஆவில் பல வீடுகளில் பிள்ளைகள் வேலைக்காக ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பகல் முழுவதும் நாற்காலியும் தொலைக்காட்சியும்தான் துணை.

இந்த இரண்டு கவலைகளையும் ஒன்றாகக் குறைக்க வழி இருக்கிறது. டாக்டரின் அனுமதியோடு, நண்பர்களுடன் சேர்ந்து நடங்கள். உடல் இடம்கொடுத்தால் மெதுவோட்டமும் ஓடலாம்.

இதயத்துக்கு இயக்கம் ஏன் தேவை?

இதயம் ஒரு தசை. அளவாக வேலை கொடுத்தால் அது பலம் பெறும். முன்பெல்லாம் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அதனால் தசைகள் தளர்ந்தன. சிலருக்குக் கால்களில் இரத்தம் உறைந்தது. இன்று நிலைமை சீரான நோயாளியை ஓரிரு நாளிலேயே எழுப்பி உட்காரவைத்து, சில அடிகள் நடக்கவைக்கிறார்கள். வீடு திரும்பிய பின்பும் தொடர்ந்து நடந்தால் இரத்த அழுத்தம், இனிப்புநீர், கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைக்க உதவும். ஆனால் நடை மருந்துக்கு மாற்று அல்ல. மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முன்பு ஓடிக் காட்டியவர்கள்

1962இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் ஊக்கத்தால் ஒரு மெதுவோட்டக் குழு உருவானது. நடுத்தர வயதினரும் இதய நோய் கண்டவர்களும் அவருடைய யோசனைப்படி மெல்ல ஓடிப் பழகினார்கள். கனடாவின் டொரொண்டோ நகரில் டாக்டர் டெரன்ஸ் கவானா, மாரடைப்பு வந்தவர்களுக்கு நடையில் தொடங்கிப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் ஏழு பேர் 1973இல் பொஸ்டன் மரத்தோன் ஓட்டத்தில் ஓடினார்கள்.

நீங்கள் மரத்தோன் ஓட வேண்டியதில்லை. 2004இல் லண்டனில் 13 பேருடன் தொடங்கிய பார்க்ரன் என்ற இலவச ஓட்டம் இன்று பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கிறது. 2018இல் கோலாலம்பூருக்கும் வந்தது. தூரம் 5 கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம், கடைசியாக வந்தாலும் குறையில்லை. ஓடி முடித்ததும் பலர் ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடித்துப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

சரியான வேகம் எது?

பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் தொடருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். இதய நோயாளிகள் பலர் உட்கொள்ளும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைத்துக் காட்டும். அதனால் நாடியை மட்டும் எண்ணி வேகத்தை முடிவு செய்ய முடியாது. பேச்சு நல்ல அளவுகோல். அதற்குத்தான் துணை வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

1. முதலில் டாக்டரைக் கேளுங்கள். தேவைப்பட்டால் டிரெட்மில் பரிசோதனைக்கு அனுப்புவார்.

2. சமதரையில் 5 முதல் 10 நிமிட நடையில் தொடங்குங்கள். வாரத்துக்குச் சில நிமிடங்கள் கூட்டுங்கள்.

3. 30 நிமிடம் சிரமமில்லாமல் நடக்க முடிந்தபின், மெதுவோட்டம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றிச் செய்யலாம்.

4. தொடக்கத்திலும் முடிவிலும் 5 முதல் 10 நிமிடம் மெதுவாக நடங்கள். ஓட்டத்தைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலாம்.

5. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது நல்ல இலக்கு. ஓட முடியாதவர்களுக்கு வேகநடையே போதும்.

வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே ஓடாதீர்கள். வெயில் ஏறுவதற்கு முன்போ மாலையிலோ செல்லுங்கள். புகைமூட்டம் இருந்தால் வீட்டுக்குள்ளேயே நடங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகும் சாலையைவிடத் திடல் பாதுகாப்பானது. பொருத்தமான சப்பாத்து அணியுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் திரும்பி வந்ததும் பாதங்களில் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நண்பர்கள் செய்ய வேண்டியது

தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு விடியற்காலையில் எழுவது புதிதல்ல. பெரட்டில் ஒருவர் இல்லையென்றால் உடனே தெரிந்துவிடும். அதே போல, உங்கள் குழுவில் ஒருவர் வரவில்லையென்றால் அன்றே அவரைக் கைப்பேசியில் அழையுங்கள். பதில் இல்லையென்றால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். யாருக்கு இதய நோய் இருக்கிறது, நாக்கின்கீழ் வைக்கும் மாத்திரையை எங்கே வைத்திருக்கிறார், குடும்பத்தினரின் எண் என்ன என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். மிகவும் மெதுவாக வருபவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்கட்டும்.

உடனே நிறுத்துங்கள்

• நெஞ்சில் இறுக்கம் அல்லது வலி. கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி
• வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல்
• குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், குமட்டல்
• படபடப்பு அல்லது தாறுமாறான துடிப்பு

பெண்களுக்கும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் சோர்வும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம். அவரை உட்காரவையுங்கள். நாக்கின்கீழ் வைக்கும் மாத்திரை இருந்தால் டாக்டர் சொன்னபடி கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால், அல்லது மாத்திரை இல்லாவிட்டால், உடனே 999ஐ அழையுங்கள். "வாயுத் தொல்லையாக இருக்கும்" என்று காத்திருக்காதீர்கள்.

இன்றே செய்யக்கூடியது

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, "நான் எவ்வளவு நடக்கலாம், ஓடலாமா?" என்று கேளுங்கள். சுகாதார அமைச்சு 2013இல் தொடங்கிய கோஸ்பென் திட்டத்தின் தொண்டூழியர்கள் உங்கள் குடியிருப்பில் இருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பிறகு, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி: "நாளைக்குக் காலையில் என்னோடு பத்து நிமிடம் நடக்க வருகிறீர்களா?" அவரும் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கலாம்.